கை காட்டிவிட்டுப் போனவன்

(பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு – வானொலியில் ஆற்றிய மறையுரை)



இன்று நாம் கேட்கும் நற்செய்தி நமக்கெல்லாம் மனப்பாடம். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிப் போன ஒருவர் கள்வர் கையில் அகப்பட்டார். குரு ஒருவர் பார்த்துவிட்டு விலகிப் போனார். லேவியரும் அப்படியே போனார். சமாரியர் நின்றார். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சின்னப் பிள்ளைகள்கூட நடித்துக் காட்டுவார்கள். சமாரியராக நடிக்க எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்கும். குருவாக நடிக்க ஆள் கிடைக்காது. என் பங்கில் ஒரு சிறுவன், “நீங்களே நடிச்சிடுங்க ஃபாதர்” என்றான். அவன் விளையாட்டாகச் சொன்னது. ஏன் எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஞாயிற்றுக்கிழமைச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் பேசிக்கொள்வோம்.

ஞாயிறு காலை பங்குக் கோயிலில் முதல் திருப்பலி முடிந்ததும் கிளைப்பங்குகளுக்குப் போக வேண்டும். என்னிடம் இருப்பது பழைய ஸ்ப்ளெண்டர். பின்னால் பூசைப் பெட்டி கட்டியிருக்கும். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளிக்குப் போகிற சாலையில் கொஞ்ச தூரம் போய்த்தான் நான் உள்ளே திரும்ப வேண்டும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏற்றம். 70 கொண்டை ஊசி வளைவு. இந்த 70 வளைவுக்காகவே பெங்களூரு, கோவை, சேலம் என்று எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் ஞாயிறன்று பைக்கில் வருகிறார்கள். புல்லட், ஹிமாலயன், கேடிஎம் என்று கூட்டம் கூட்டமாகப் போவார்கள். முழங்காலுக்குக் கவசம், கைக்கு உறை, தலைக்கவசத்தின் மேல் கேமரா. ஏற்காட்டுக்கு 20 வளைவுதான், அது அவர்களுக்குப் போதவில்லையாம்.

இவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிரே இன்னொரு பெரிய பைக் வந்தால் இடக்கையை உயர்த்திக் காட்டுவார்கள். சிலர் தலையை மட்டும் அசைப்பார்கள், சிலர் விளக்கை ஒருமுறை மினுக்குவார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான். பெயரோ ஊரோ சாதியோ எதுவும் தெரியாது. தலைக்கவசத்துக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் கை உயர்கிறது, எதிர்க்கையும் உயர்கிறது, இருவரும் போய்விடுகிறார்கள்.

முதன்முதலில் இதைக் கண்டபோது, எதிரே வந்த ஒருவர் எனக்குத்தான் கை காட்டுகிறார் என்று நினைத்தேன். வெள்ளை அங்கியைப் பார்த்து மரியாதை செய்கிறார் போலும் என்று மகிழ்ந்து நானும் கையை நன்றாகவே உயர்த்தினேன். அடுத்த நொடி என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு புல்லட் சத்தமாக என்னைத் தாண்டிப் போயிற்று. வாழ்த்து அவருக்கு வந்தது. நான் நடுவில் குறுக்கே வந்தவன். நல்லவேளை, சாலையில் வேறு யாரும் பார்க்கவில்லை.

எங்கள் பங்கு இளைஞர் ஒருவர் பெங்களூருவில் வேலை பார்க்கிறார். அவரும் இந்தக் கூட்டத்தில் ஓட்டுகிறவர்தான். அவரிடம் கேட்டேன். அவர்தான் விளக்கினார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். எதிரே வருகிறவர் நமக்கு இடப்பக்கம் வருவார். ஆக்சிலரேட்டர் இருப்பது வலக்கையில். ஆகவே சும்மா இருக்கும் இடக்கையைத் தாழ இறக்கி இரண்டு விரலை நீட்டினாலே எதிராளிக்குத் தெரிந்துவிடும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். எதிரே வருகிறவர் நமக்கு வலப்பக்கம். வலக்கையை எடுத்தால் வண்டி வேகம் இழக்கும். இடக்கையைத் தாழ நீட்டினால் வண்டியே மறைத்துவிடும். அதனால்தான் நம் ஊரில் இடக்கையைத் தலைக்கு மேலே தூக்குகிறார்கள், அல்லது தலையை அசைக்கிறார்கள். பிரான்சில் வழிவிட்ட கார்க்காரருக்கு நன்றி சொல்ல பைக்காரர்கள் காலை நீட்டிக் காட்டுவார்களாம். நம் ஊரில் அப்படி நீட்டினால் சண்டைதான் வரும்.

“எனக்கு ஏன்பா யாரும் காட்டுறதில்ல?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஃபாதர், உங்களோடது வேலைக்குப் போற வண்டி. அதுக்குக் காட்ட மாட்டாங்க.” அவர் மனதில் கள்ளமில்லை. உள்ளதைச் சொன்னார். பிறகு அவரே கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் சொன்னார். கை காட்டுவதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறதாம். வழியில் உன் வண்டி நின்றுவிட்டால் நான் நிறுத்துவேன் என்பதுதான் அந்த அர்த்தம். சும்மா சொல்வதல்ல, நிஜமாகவே நிறுத்துகிறார்கள். பஞ்சர் ஒட்டும் சாமான், கயிறு, முதலுதவிப் பெட்டி எல்லாம் வைத்திருக்கிறார்கள். நடுராத்திரியில் தொப்பூர் கணவாயில் கிளட்ச் கம்பி அறுந்து நின்ற இவருக்கு, முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு மணி நேரம் கூட நின்று உதவியிருக்கிறார்.

நான் இவர்களைக் குறை சொல்ல இங்கே வரவில்லை. வாழ்த்து நல்லது. திருவிவிலியத்தில் வாழ்த்து என்பது ஆசீர். ரூத்து நூலில் போவாசு தன் வயலுக்கு வந்ததும் முதலில் அறுவடை செய்கிற கூலியாள்களைத்தான் ஆண்டவர் பெயரால் வாழ்த்துகிறார். அவர்களும் பதிலுக்கு ஆசி கூறுகிறார்கள். முதலாளி முந்திக்கொண்டு வாழ்த்துகிற வயல் அது. நம் வயல்களில் அப்படி நடக்கிறதா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பைக் என்றால் திருச்சபைக்கு ஆகாது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 2013ஆம் ஆண்டில் ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தார் மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிசுக்கு ஒரு பைக்கைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை. 2014 பிப்ரவரியில் பாரிசில் ஏலம் விடப்பட்டு 2,41,500 யூரோவுக்குப் போயிற்று. அந்தப் பணம் ரோமையில் தெர்மினி ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள வீடற்றோர் விடுதிக்கும் உணவுக்கூடத்துக்கும் சென்றது. சாலையைப் பற்றித் திருச்சபை தனியாக ஓர் ஏடே வெளியிட்டிருக்கிறது. 2007 ஜூன் 19இல் வெளியான அந்த ஏட்டில் வண்டி ஓட்டுவோருக்குப் பத்துக் கட்டளைகள் உண்டு. முதல் கட்டளை கொலை செய்யாதே என்பது. இரண்டாவது கட்டளை, சாலை மனிதரை மனிதரோடு சேர்ப்பதற்காக இருக்கட்டும் என்கிற பொருளில் அமைந்தது. இதைப் படித்தபோது நான் கை காட்டுகிற அந்த இளைஞர்களைத்தான் நினைத்தேன்.

ஆனால் போன ஞாயிறு நற்செய்தியை மறந்துவிட்டீர்களா? அதுவும் லூக்கா 10ஆம் அதிகாரம்தான், இன்றைய பகுதிக்குச் சற்று முன்னால் வருவது. ஆண்டவர் எழுபத்திரண்டு பேரை அனுப்புகிறார். பணப்பை வேண்டாம், பை வேண்டாம், மிதியடியும் வேண்டாம் என்கிறார். அதோடு, வழியில் ஒருவரையும் வாழ்த்த வேண்டாம் என்கிறார். குருமடத்தில் படிக்கும்போது எனக்கு இந்த வரி இடறலாகவே இருந்தது. அன்பே உருவானவர் இப்படி ஏன் சொல்ல வேண்டும்?

எங்கள் விவிலியப் பேராசிரியர் அரசர்கள் இரண்டாம் நூலுக்குக் கூட்டிப் போனார். சூனேம் ஊர்ப் பெண்ணின் மகன் இறந்து கிடக்கிறான். எலிசா தம் பணியாள் கேகசியைத் தம் கோலோடு விரைந்து அனுப்புகிறார். வழியில் யாரைக் கண்டாலும் வாழ்த்தாதே, யாராவது வாழ்த்தினாலும் பதில் சொல்லாதே என்கிறார். ஏனென்றால் அங்கே ஒரு பிள்ளையின் உயிர். அந்தக் காலத்து வாழ்த்து நம்முடையதைப் போல் ஒரு கையசைப்பு இல்லை. நின்று, குனிந்து, தழுவி, குலம் கோத்திரம் நலம் எல்லாம் விசாரித்து முடிக்க நெடுநேரம் ஆகும். நம் ஊரிலும், “எந்த ஊருங்க, யார் வீட்டுப் பையன்” என்று தொடங்கினால் அரை மணி நேரம் போகும் அல்லவா? உயிர் காக்கப் போகிறவன் அதில் நிற்கக் கூடாது. வாழ்த்து எதற்காக இருக்கிறதோ அதையே வாழ்த்து தடுத்துவிடக் கூடாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. தவக்கால வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி இருக்கும். ஒரு கிளைப்பங்கில் சிலுவைப் பாதை. நான் கிளம்பியதே தாமதம். சாலையோரம் ஒரு புளியமரம். அதன் கீழே ஒரு டிவிஎஸ் ஃபிப்டி நின்றிருந்தது, பக்கத்தில் ஒருவர். நாற்பது வயது இருக்கலாம். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். இந்தப் பக்கத்தில் அங்கியைப் பார்த்தால் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் கும்பிடுவார்கள், கை காட்டுவார்கள். எனக்கு அது பழகிப் போனது. நானும் கையை உயர்த்திச் சிரித்தேன். ஆசி கொடுப்பதுபோல் கொஞ்சம் அசைத்தேன் என்றும் நினைவு. போய்விட்டேன்.

அன்று சிலுவைப் பாதை நன்றாக நடந்தது. ஐந்தாம் தலத்தில் சீரேன் ஊரார் சீமோனைப் பற்றி உருக்கமாகவே பேசினேன். வழியில் போனவர், பிறருடைய சுமையில் தோள் கொடுத்தார் என்று. சில தாய்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. புளியமரத்தடியில் அந்த டிவிஎஸ் ஃபிப்டி அப்படியே நின்றது. தூக்குவாளிப் பையும் அதில் தொங்கியது. வயலுக்குத் தண்ணீர் கட்டப் போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, சேந்தமங்கலத்தில் ஒரு டீக்கடை. அதே மனிதர் என்னிடம் வந்து கும்பிட்டார். “சாமி, அன்னிக்குப் புளியமரத்துக்கிட்ட நின்னது நான்தானுங்க” என்றார். அன்று அவர் தம் தாயாரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். சேலை முந்தானை சக்கரத்தில் சுற்றி இழுத்துவிட்டது. தாயார் பின்பக்கமாக விழுந்து தலையில் அடி. அவரைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் நிழலில் கிடத்தியிருக்கிறார். சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது. செல்போனில் சார்ஜ் இல்லை. வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டியிருக்கிறார்.

“நான் கையக் காட்டுனேனுங்க. நீங்களும் கையக் காட்டிட்டுப் போயிட்டீங்க.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. “சாமி ஏதோ அவசரமாப் போறாருன்னு நெனச்சுக்கிட்டேனுங்க” என்று எனக்காக ஒரு சமாதானமும் அவரே சொல்லிவிட்டார். என் டீ ஆறிப்போயிற்று.

நின்றது யார் தெரியுமா? சேகோ ஃபேக்டரிக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப் போன லாரி. டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். கிளீனர் பையன் இறங்கி ஓடி வந்தான். இருவரும் சேர்ந்து அந்த அம்மாவைத் தூக்கி முன்சீட்டில் படுக்க வைத்து நாமக்கல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது தையல், பதினொரு நாள் படுக்கை. பிழைத்துக்கொண்டார், ஆண்டவருக்குத் தோத்திரம். அந்த டிரைவரின் பெயரைக்கூட இவர் கேட்டுக்கொள்ளவில்லை. “ரத்தம் சீட்டெல்லாம் ஆயிடுச்சுங்க சாமி, அவரு ஒரு வார்த்தை சொல்லல” என்றார்.

இன்றைய உவமையில் ஒன்றைக் கவனித்தீர்களா? சமாரியர் அடிபட்டவரிடம் ஒரு வார்த்தையும் பேசியதாக லூக்கா எழுதவில்லை. வாழ்த்தவில்லை, ஊர் கேட்கவில்லை, ஆறுதல் மொழியும் இல்லை. எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார், கட்டினார், தம் விலங்கின்மேல் ஏற்றினார், சாவடிக்குக் கொண்டுபோனார். மறுநாள் பணம் கொடுக்கும்போதுதான் அவர் வாய் திறக்கிறார், அதுவும் சாவடிப் பொறுப்பாளரிடம். அவரும் பிள்ளையைக் காக்கப் போன கேகசியைப்போல வழியில் யாரையும் வாழ்த்தாதவர்தான். அன்று வாழ்த்தியது நான். நான் கும்பிடு வாங்கினேன், ஆசி கொடுத்தேன், மரியாதை எல்லாம் குறைவின்றி நடந்தது. உவமையில் வருகிற குருவாவது மறுபக்கம் விலகிப் போனார். நான் சிரித்துக்கொண்டே போனேன்.

அந்த நாளிலிருந்துதான் நான் சாலையில் கைகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். யார் யாருக்குக் கை காட்டுகிறார்கள், யாருக்குக் காட்டுவதில்லை என்று.

லாரிக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் லாரி ஊர். பாடி கட்டுகிற பட்டறைகளும் டேங்கர் லாரிகளும் நிறைந்த ஊர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போடாத மாநிலம் இல்லை. குஜராத்திலோ அசாமிலோ டி.என். 28 என்றோ டி.என். 34 என்றோ ஒரு நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டால் நம் டிரைவர் ஹாரன் அடித்துக் கையை வெளியே நீட்டிவிடுவார். அடுத்த தாபாவில் இரண்டு வண்டியும் நிற்கும். மாதக் கணக்கில் வீட்டைப் பிரிந்து ஓடுகிறவர்களுக்கு அந்த ஒரு கை எவ்வளவு பெரிய ஆறுதல்! மனைவிக்குப் பிரசவம் என்ற செய்தியே அப்படி எதிரே வந்த லாரிக்காரர் மூலம் கிடைத்த காலம் ஒன்று இருந்ததாக, என் பங்கில் உள்ள ஒரு முதிய டிரைவர் சொல்வார். இதெல்லாம் உண்மை. ஆனால் இதே லாரி ரிப்பேராகி நின்றால், மரக்கிளையை ஒடித்துப் போட்டு, கல்லை வரிசையாக வைத்து எச்சரிக்கை செய்வார்கள். வண்டி சரியானதும் கிளம்பிவிடுவார்கள். கல் அங்கேயே இருக்கும். இரவில் வருகிற டிவிஎஸ் ஃபிப்டிக்காரர் அதில் மோதி விழுவார். பெரிய வண்டிக்கு எச்சரிக்கை, சின்ன வண்டிக்குக் குழி. டிரைவர் சகோதரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த அம்மாவைக் காப்பாற்றியதும் உங்களில் ஒருவர்தான், அதையும் சொல்லிவிட்டேன்.

மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தின் கடைசியில் ஆண்டவர் கேட்கிற கேள்வி இருக்கிறதே, அது நேராக இந்தச் சாலைக்கு வருகிறது. உங்கள் சகோதரருக்கு மட்டும் வாழ்த்துக் கூறினால் அதில் பெரிதாக என்ன இருக்கிறது, பிற இனத்தாரும் அதைத்தானே செய்கிறார்கள் என்று கேட்கிறார். வாழ்த்தாதே என்று அவர் சொல்லவில்லை. அது எங்கே போய் நின்றுவிடுகிறது என்றுதான் கேட்கிறார். புல்லட்டுக்குப் புல்லட் கை காட்டும். சென்னை திருவொற்றியூரில் 1950களில் புல்லட் செய்யத் தொடங்கினார்கள். டிவிஎஸ் ஃபிப்டி 1980இல் நம் பக்கத்து ஓசூரில் பிறந்தது. இரண்டும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள், ஓடுவது ஒரே சாலையில். ஒன்றுக்கு உயர்கிற கை மற்றொன்றுக்கு உயர்வதில்லை. பால் கேன் கட்டிய டிவிஎஸ், கோழி தொங்குகிற டிவிஎஸ், முட்டை அட்டை அடுக்கிய டிவிஎஸ், அப்பா அம்மா இரண்டு பிள்ளை என்று ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிற டிவிஎஸ் இவை எல்லாம் சாலையில் இருப்பதாகவே அந்தக் கேமராவுக்குத் தெரிவதில்லை. 2022இல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் கணக்கு. அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்தக் கணக்கில் புல்லட் தனி, டிவிஎஸ் ஃபிப்டி தனி என்று பிரித்து எழுதவில்லை.

வண்டி விஷயம் போகட்டும். இதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடித்தால் நான் மறுபடியும் கை காட்டிவிட்டுப் போனவன் ஆவேன்.

என் அப்பா ஒரு சைக்கிள் வைத்திருந்தார். 1970களின் கடைசியில் கடன் வாங்கி வாங்கியது. எங்கள் ஊரில் (ஊர்ப் பெயர் வேண்டாம்) பெரிய தெரு வந்ததும் இறங்கிவிடுவார். தள்ளிக்கொண்டுதான் நடப்பார். தெரு முடிந்ததும் மறுபடி ஏறுவார். முன்னால் கம்பியில் உட்கார்ந்திருக்கிற என்னையும் இறக்கிவிடுவார். கால் வலிக்கிறது என்று நான் அழுதிருக்கிறேன். “கொஞ்ச தூரந்தான் சாமி, நட” என்பார். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவர் கும்பிடு போடுவார். ஒருவர்கூடப் பதிலுக்குத் தலையசைத்து நான் பார்த்ததில்லை. அந்தத் திண்ணையில் இருந்தவர்களில் சிலர் ஞாயிறு தோறும் எங்களோடு ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள்.

இது நேற்று முளைத்த நோய் இல்லை. நம் விசுவாசத்தின் தந்தையர் என்று நாம் போற்றுகிறவர்களையும் அது தொட்டது. 1623இல் இராபர்ட் தெ நோபிலி மதுரையிலிருந்து கிளம்பி, காவி உடுத்த சந்நியாசியாக இதே சேந்தமங்கலத்துக்கு வந்தார். இராமச்சந்திர நாயக்கர் மரியாதையோடு வரவேற்றார். அங்கிருந்து சேலம் போனார். நம் மறைமாவட்டத்தின் வேர் அந்தப் பயணத்தில்தான் இருக்கிறது. அவர் பட்ட பாட்டைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் அந்தக் கோலத்தில் இருந்தவர் தாழ்த்தப்பட்ட மக்களோடு பகலில், பலர் பார்க்கப் பழக முடியாமல் போயிற்று. அவர்களுக்கென்றே 1640இல் பால்தசார் தா கோஸ்தா என்ற குரு பண்டாரசாமியாக வேறு கோலம் பூண வேண்டி வந்தது. ஒரே சபை, ஒரே நற்செய்தி, இரண்டு கோலம். அந்தக் காலத்தின் நெருக்கடி என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் இன்றைக்கு நமக்கு என்ன நெருக்கடி? திருப்பலியில் சமாதானம் பகிரும்போது யார் பக்கம் திரும்புகிறோம், யார் பக்கம் திரும்பாமலே முடித்துவிடுகிறோம்? பீடத்தில் நிற்கிற எனக்கு எல்லாம் தெரிகிறது. கும்பிட்ட கைகள் எந்த வரிசையோடு நின்றுவிடுகின்றன என்பதும் தெரிகிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2020 அக்டோபரில் கையெழுத்திட்ட ‘அனைவரும் உடன்பிறந்தோர்’ என்ற சுற்றுமடலில் ஓர் அதிகாரம் முழுவதையும் இந்தச் சமாரியர் உவமைக்கே கொடுத்திருக்கிறார். வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதை வாசியுங்கள். நீளமாக இருக்கிறது என்று பயப்பட வேண்டாம்.

கேட்டுக்கொண்டிருக்கிற சிலர் மனதில் ஒரு பயம் ஓடும். “நிறுத்தினா போலீசு கேசுன்னு இழுப்பாங்களே சாமி.” முன்பு அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இப்போது இல்லை. 2016 மார்ச் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம், உதவுகிறவரைக் காப்பதற்கான விதிமுறைகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கிறவர் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சாட்சியாக வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ‘குட் சமாரிட்டன்’ என்றே அந்தச் சட்டம் அவரை அழைக்கிறது. லூக்கா 10ஆம் அதிகாரம் இந்திய நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. செலவைப் பற்றியும் யோசிக்க வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் குறிப்பிட்ட தொகை வரை அரசே பொறுப்பேற்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது உண்டு. சாவடிப் பொறுப்பாளரிடம் சமாரியர் இரண்டு தெனாரியம் கொடுத்தார், உங்கள் பையிலிருந்து அதுவும் போகாது. 108க்கு ஒரு போன். கழுத்திலோ முதுகிலோ அடி என்று தெரிந்தால் நீங்களாகத் தூக்காதீர்கள், ஆம்புலன்சு வரும்வரை பக்கத்தில் இருங்கள். சாலையில் கிடக்கிறவர் பக்கத்தில் ஒருவர் நிற்பதே, பின்னால் வருகிற வண்டி அவர்மேல் ஏறாமல் காக்கும்.

தாய்மார்களுக்கு ஒன்று. பின்னால் உட்காரும்போது முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சக்கரத்துக்குச் சேலைக் காப்பு இருக்கிறதா என்று வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். இது மறையுரையில் சொல்லக் கூடியதா என்று நினைக்காதீர்கள்.

அந்த டீக்கடைக்குப் பிறகு நான் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். சாலையோரம் யார் கை காட்டினாலும் வண்டியை நிறுத்துவது. எளிதாக இல்லை. லிஃப்ட் கேட்கிறவர்கள், வழி கேட்கிறவர்கள், ஒருமுறை குடித்துவிட்டு என்னிடம் தத்துவம் பேச நினைத்த ஒருவர், எல்லாருக்கும் நிற்க வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு கிளைப்பங்கில் திருவிழாக் கொடியேற்றம். ஆறு மணிக்கு ஆரம்பம் என்று நோட்டீசு அடித்தாகிவிட்டது. நான் போகும்போதே ஆறு. சோளக்காட்டு ஓரம் ஒரு பெரியவர் நின்று கையை உயர்த்தினார். தாண்டிப் போய்விட்டேன். பிறகு மனது கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினேன்.

“என்னங்கய்யா, ஏதாவது ஆச்சா?”

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒன்னுமில்லீங்க சாமி. நீங்க போறது தெரிஞ்சுது, சும்மா கையக் காட்டுனேன்” என்றார். பிறகு, “எறங்குங்க, ஒரு எளநி வெட்டித் தாரேன்” என்று அரிவாளை எடுத்துக்கொண்டு தென்னைப் பக்கம் நடந்தார்.

கொடியேற்றம் அன்று அரை மணி நேரம் தாமதம். உபதேசியார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.